மிச்சம் வைத்துக் கொடுக்கத் தெரியுமா? டார்ட்ஸ் உலகக் கோப்பையின் கதை

உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருப்பவரும் இரண்டாம் இடத்தில் இருப்பவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடினால் என்ன ஆகும்? “எதுக்குப்பா போட்டி, கோப்பையை இப்பவே கொடுத்துடுங்க” என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். 2025 ஜூன் மாதம் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் அப்படி ஓர் அணி மேடை ஏறியது. இங்கிலாந்தின் லூக் ஹம்ஃப்ரீஸ், லூக் லிட்லர். ஹம்ஃப்ரீஸ் 2024-ன் உலக சாம்பியன். லிட்லர் 2025-ன் உலக சாம்பியன். 17 வயதிலேயே அந்தப் பட்டத்தை வாங்கியவர். ஆனால், தங்களுடைய முதல் ஆட்டத்திலேயே ஜெர்மனியின் மார்ட்டின் ஷிண்ட்லர், ரிக்கார்டோ பீட்ரெச்கோ ஜோடியிடம் 8-4 என்று தோற்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அந்த ஆட்டத்தின் பெயர் டார்ட்ஸ். போட்டியின் பெயர் டார்ட்ஸ் உலகக் கோப்பை. சுவரில் ஒரு வட்டப் பலகை, கையில் மூன்று சின்ன அம்புகள். அவ்வளவுதான் சாமான். இதில் நாடுகள் மோதிக்கொள்ளும் அளவுக்கு என்ன இருக்கிறது, பெரிய பெயர்கள் ஏன் இங்கே அடிக்கடி சறுக்குகின்றன என்பதை இந்த வாரம் பார்க்கலாம்.

முதலில் பலகையைத் தெரிந்துகொள்வோம்

நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் பலூன் சுடுவது, வளையம் வீசுவது எல்லாம் பார்த்திருப்பீர்கள். காந்தம் வைத்த டார்ட்ஸ் பலகை பல வீடுகளில் குழந்தைகளின் பிறந்தநாள் பரிசாக வந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். அதை வைத்து நாம் ஆடுவது, நடுப்புள்ளியைக் குறிபார்த்து எறிவது. உண்மையான டார்ட்ஸ் அப்படி இல்லை.

பலகையில் 1 முதல் 20 வரை எண்கள், கேக் துண்டு போலப் பிரிக்கப்பட்டிருக்கும். வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம்; அதில் பட்டால் அந்த எண்ணுக்கு இரு மடங்கு. உள்ளே இன்னொரு மெல்லிய வளையம். அதில் பட்டால் மூன்று மடங்கு. நடுப்புள்ளிக்கு 50. அதனால் ஓர் அம்பில் அதிகம் கிடைப்பது நடுப்புள்ளியில் அல்ல, 20-ன் மூன்று மடங்கில், அதாவது 60. மூன்று அம்பும் அங்கேயே பட்டால் 180. அதுதான் ஒரு முறையில் எடுக்கக்கூடிய உச்சம்.

எண்களை அடுக்கியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். 20-க்கு வலப்பக்கம் 1, இடப்பக்கம் 5. ஆசைப்பட்டு 20-ஐ எறிந்து கை கொஞ்சம் பிசகினால் ஒன்றோ ஐந்தோதான் கிடைக்கும். பேராசைக்கு அபராதம் போடுவது போலவே பலகையை அமைத்திருக்கிறார்கள்.

பலகை மரத்தால் ஆனதும் இல்லை. தரமான பலகைகளை சீசல் கற்றாழை நாரில் செய்கிறார்கள். நம் பக்கம் மானாவாரி நிலங்களில் வேலியாக நிற்கும் ஆனைக் கற்றாழையின் சொந்தக்காரச் செடி அது. நாரை இறுக்கிக் கட்டி, அதன் நுனிகள் முன்பக்கம் தெரியும்படி அமைப்பார்கள். அம்பு குத்தும்போது நார் விலகி இடம் விடும். அம்பை எடுத்ததும் மூடிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான குத்து வாங்கியும் பலகை ஓட்டையாகாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

எறியும் கோட்டுக்கும் பலகைக்கும் இடையே 2.37 மீட்டர் தூரம். தரையிலிருந்து நடுப்புள்ளியின் உயரம் 1.73 மீட்டர். உலகம் முழுக்க இதே அளவுதான்.

501-லிருந்து பூஜ்யத்துக்கு

இதில் மதிப்பெண் ஏறாது, இறங்கும். இரு தரப்பும் 501-ல் தொடங்கி, எடுத்ததைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். யார் முதலில் பூஜ்யத்தைத் தொடுகிறாரோ அவருக்கு அந்தச் சுற்று. ஆனால், கடைசி அம்பு இரு மடங்கு வளையத்திலோ நடுப்புள்ளியிலோ பட்டுத்தான் முடிய வேண்டும். 40 மிச்சம் இருந்தால் 20-ன் இரு மடங்கு. 32 மிச்சம் இருந்தால் 16-ன் இரு மடங்கு. மிச்சத்தைத் தாண்டி எடுத்துவிட்டால் அந்த முறை எறிந்தது அத்தனையும் செல்லாது.

டார்ட்ஸ்காரர்களுக்கு 32 ரொம்பப் பிடித்த எண். ஏன் தெரியுமா? 16-ன் இரு மடங்கைத் தவறவிட்டு வெறும் 16-ல் பட்டாலும் மிச்சம் 16. அதற்கு 8-ன் இரு மடங்கு. அதுவும் தவறி வெறும் 8-ல் பட்டால், மிச்சம் இருக்கும் 8-க்கு 4-ன் இரு மடங்கு. பாதி பாதியாக உடைந்துகொண்டே போகும், ஒற்றைப்படை குறுக்கே வராது. தவறினாலும் அடுத்த வழி திறந்திருக்கிற எண் அது.

இது தனி ஆட்டத்துக்கான கணக்கு. ஜோடி ஆட்டத்தில்தான் விஷயமே மாறுகிறது.

லாரியில் இரண்டு டிரைவர்

ஜோடி ஆட்டத்தில் நீங்கள் மூன்று அம்பு எறிந்ததும் எதிரணியில் ஒருவர் எறிவார். அடுத்து உங்கள் கூட்டாளி எறிவார். பிறகு எதிரணியின் இன்னொருவர். அதற்கப்புறம்தான் மறுபடி உங்கள் முறை. தனி ஆட்டத்தைப் போல மூன்று மடங்கு நேரம் கை சும்மா இருக்க வேண்டும். சூடான கை ஆறிப்போகும். இன்னொன்று, நீங்கள் மிச்சம் வைத்துவிட்டு வருகிற எண்ணில் எறியப்போவது நீங்கள் இல்லை.

நாமக்கல்லிலிருந்தோ சங்ககிரியிலிருந்தோ வடமாநிலத்துக்கு லோடு ஏற்றிப் போகும் லாரிகளை நினைத்துப் பாருங்கள். தூர ஓட்டம் என்றால் இரண்டு டிரைவர்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் ஓட்டுவார். முதல் ஆள் எவ்வளவு வேகமாக ஓட்டினார் என்பது முக்கியம்தான். ஆனால், எந்த இடத்தில், எந்த நிலையில் வண்டியைக் கைமாற்றினார் என்பது அதைவிட முக்கியம். தொப்பூர் கணவாய் இறக்கத்தின் நடுவில் வைத்து, “இனி நீ ஓட்டு” என்று யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார்கள்.

டார்ட்ஸிலும் அப்படித்தான். மிச்சம் 52, உங்கள் கையில் ஒரே ஓர் அம்பு என்று வைத்துக்கொள்வோம். 52-ஐ ஓர் அம்பில் முடிக்க முடியாது. வெறும் 20-ஐ எடுத்தால் கூட்டாளிக்கு 32. வெறும் 12-ஐ எடுத்தால் அவருக்கு 40. இரண்டில் எது அவருக்குக் கை வந்த எண் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 20-க்குக் குறிவைத்து, கை பிசகி 5-ல் பட்டால் மிச்சம் 47. ஒற்றைப்படை. பாவம், கூட்டாளி முதலில் ஏழோ பதினைந்தோ எடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்கே ஓர் அம்பு வீண்.

இரண்டு சாம்பியன்களைச் சேர்த்து வைத்தாலே நல்ல ஜோடி ஆகிவிடாது என்பது இதனால்தான். இந்தப் போட்டியின் வரலாறு நெடுக இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

ஏன் இரண்டு உலகக் கோப்பை?

டார்ட்ஸ் பிரிட்டனின் மதுக்கூடங்களில் வளர்ந்த ஆட்டம். நாள் முழுக்கச் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் மாலையில் கூடி ஆடியது. 1976-ல் உலக டார்ட்ஸ் கூட்டமைப்பு உருவானது. அடுத்த ஆண்டே, 1977-ல் லண்டன் வெம்ப்ளியில் நாடுகளுக்கு இடையிலான முதல் உலகக் கோப்பையை அது நடத்தியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் போட்டி அது. தனி ஆட்டம், ஜோடி ஆட்டம், நால்வர் அணி ஆட்டம் என்று எல்லாவற்றின் புள்ளிகளையும் கூட்டி நாட்டின் இடத்தைத் தீர்மானிப்பார்கள். எல்லோரும் இங்கிலாந்தை எதிர்பார்த்திருக்க, முதல் கோப்பையை வென்றது சின்னஞ்சிறு வேல்ஸ்.

1980-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சிகள் டார்ட்ஸ் ஒளிபரப்பைக் குறைத்தன. வருமானம் போனது. பழைய அமைப்பு சரியாகச் செயல்படவில்லை என்று முன்னணி ஆட்டக்காரர்கள் 1990-களின் தொடக்கத்தில் பிரிந்து போய்த் தனி அமைப்பு கண்டார்கள். வழக்கு, தடை என்று சில ஆண்டுகள் இழுபறி. அந்தப் புதிய அமைப்புதான் இன்று தொழில்முறை டார்ட்ஸை நடத்தும் பி.டி.சி. அது 2010-ல் தனக்கென ஓர் உலகக் கோப்பையைத் தொடங்கியது. நாட்டுக்கு இருவர், ஒரே ஜோடி. இன்று தொலைக்காட்சியில் பெரிதாகப் பேசப்படுவது இதுதான்.

முதல் ஆண்டிலேயே அதிர்ச்சி

2010 டிசம்பர். வடகிழக்கு இங்கிலாந்தில் ஹௌட்டன்-லே-ஸ்பிரிங் என்ற சிறிய ஊர். 24 நாடுகள். சொந்த மண்ணில் இங்கிலாந்துக்காக ஆடியவர்கள் பில் டெய்லரும் ஜேம்ஸ் வேடும். டெய்லர் மொத்தம் 16 உலகப் பட்டங்கள் வென்றவர். டார்ட்ஸின் டெண்டுல்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், அந்த அணி இரண்டாம் சுற்றில் ஸ்பெயினிடம் தோற்றது. நெதர்லாந்தின் ரேமண்ட் வான் பார்னவெல்ட், கோ ஸ்டாம்பே ஜோடி, வேல்ஸை வீழ்த்தி முதல் கோப்பையைத் தூக்கியது.

2011-ல் போட்டி இல்லை. 2012-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு மாறியது. இந்த முறை டெய்லருடன் ஏட்ரியன் லூயிஸ். இறுதியில் ஆஸ்திரேலியாவுடன் 3-3 என்று சமநிலை. கடைசி ஒரே ஒரு சுற்றில் இங்கிலாந்து தப்பிப் பிழைத்துக் கோப்பையை வாங்கியது. இதே ஜோடி 2013, 2015, 2016 ஆண்டுகளிலும் வென்றது.

இந்த ஜோடி ஏன் ஒத்துப்போனது? இருவரும் ஸ்டோக் என்ற பீங்கான் தொழில் நகரத்துக்காரர்கள். டெய்லர் அங்கே பீங்கான் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோதான் அவருக்குப் பண உதவி செய்து, வேலையை விட்டு ஆட்டத்துக்கு வரச் செய்தார். 1990 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் அதே பிரிஸ்டோவை டெய்லர் தோற்கடித்தார். பின்னாளில் டெய்லர் கைதூக்கிவிட்டவர் லூயிஸ். குரு, சிஷ்யன், அவருக்கொரு சிஷ்யன் என்று மூன்று தலைமுறை. பிரிஸ்டோ 2018-ல் காலமானார். அந்த ஆண்டு முதல் உலகக் கோப்பைக்கு அவர் பெயர்தான்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தாத்தா

இந்தப் போட்டியின் ஆட்டங்களில் என் மனதுக்கு நெருக்கமானது 2017-ல் நடந்தது. முதல் சுற்றில் ஸ்காட்லாந்துக்கு எதிராக சிங்கப்பூர். ஸ்காட்லாந்து அணியில் இரண்டு முறை உலக சாம்பியனான கேரி ஆண்டர்சன், அவருடன் பீட்டர் ரைட். சிங்கப்பூர் அணியில் பால் லிம், ஹரித் லிம். பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவினர்கள் இல்லை. பால் லிமுக்கு அப்போது வயது 63.

பால் லிம் சாதாரண ஆள் இல்லை. 501-ஐ முடிக்கக் குறைந்தது ஒன்பது அம்புகள் வேண்டும். உலக சாம்பியன்ஷிப்பில் முதன்முதலாக அந்த ஒன்பது அம்பு ஆட்டத்தை ஆடிக் காட்டியவர் அவர்தான், 1990-ல். அதற்குக் கிடைத்த தனிப் பரிசு 52,000 பவுண்டு. அந்த ஆண்டு கோப்பையை வென்ற டெய்லருக்கே 24,000 பவுண்டுதான்!

27 ஆண்டுகள் கழித்து ஃபிராங்ஃபர்ட் மேடையில் அந்தத் தாத்தாவும் கூட்டாளியும் ஸ்காட்லாந்தை 5-2 என்று வீழ்த்தினார்கள். அது முழுக்க ஜோடி ஆட்டம். தனித்தனியாக மோதியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். சிங்கப்பூர் அந்த ஆண்டு காலிறுதி வரை போனது.

ஸ்காட்லாந்துக்கும் நல்ல காலம் வந்தது. 2019-ல் ஆண்டர்சனும் ரைட்டும் கோப்பையை வென்றார்கள். 2021-ல் ஆண்டர்சன் ஆடவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் ஜான் ஹென்டர்சன். பெரிய பட்டங்கள் எதுவும் இல்லாதவர். ரைட்டுடன் சேர்ந்து அவர் அந்தக் கோப்பையை வென்று காட்டினார். மாற்று ஆளாக வந்தவருக்குக் கூட்டாளியின் கணக்கு புரிந்திருந்தது.

வேல்ஸுக்காக 2020-லும் 2023-லும் வென்ற ஜோடி கெர்வின் பிரைஸ், ஜானி கிளேட்டன். பிரைஸ் முன்னாள் ரக்பி வீரர். கிளேட்டன் சுவர்ப் பூச்சு வேலை செய்தவர். மேடையில் ஒருவர் கத்திக் கர்ஜிப்பார், இன்னொருவர் சிரித்துக்கொண்டே எறிவார். குணம் ஒத்துப்போகத் தேவையில்லை, கணக்கு ஒத்துப்போனால் போதும் போலிருக்கிறது.

இனி ஜோடி மட்டும்தான்

2022 வரை பிந்தைய சுற்றுகளில் தனி ஆட்டங்களும் இருந்தன. ஜோடி ஆட்டம் பெரும்பாலும் சமநிலையை உடைக்கத்தான். 2023-ல் விதியை மாற்றினார்கள். நாடுகளின் எண்ணிக்கை 40 ஆனது. மூன்று மூன்று நாடுகளாகப் பிரித்து முதல் சுற்று. எல்லாமே ஜோடி ஆட்டம். தனி ஆளின் திறமையில் அணி கரையேறும் வழி அடைபட்டது.

அதன் பலனை 2025-ல் பார்த்தோம். தரவரிசையின் முதல் இருவர் தொடக்கத்திலேயே வெளியேற, கோப்பையை வென்றது வட அயர்லாந்து. ஜாஷ் ராக், டேரில் கர்னி ஜோடி, வேல்ஸை இறுதியில் 10-9 என்று கடைசிச் சுற்றில் வீழ்த்தியது. வட அயர்லாந்தின் மக்கள்தொகை நம் சேலம் மாவட்டத்தில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். இந்தப் போட்டியில் ஆடிவரும் ஜிப்ரால்டரில் ராசிபுரம் நகரத்தில் இருக்கும் அளவுக்குக்கூட ஆட்கள் கிடையாது.

நம்ம ஊர் எங்கே?

இந்தியாவும் 2014-லிருந்து இந்த மேடையில் தலைகாட்டி வருகிறது. நிதின் குமார் அதில் தொடர்ந்து கேட்கும் பெயர். ஆனால், இங்கே டார்ட்ஸ் ஆடுபவர்கள் பெருநகரக் கிளப்புகளில்தான் அதிகம். நம் சேலம், நாமக்கல் பக்கம் கபடிக்குத் திடல் உண்டு, கேரமுக்கு மன்றம் உண்டு. டார்ட்ஸுக்கு இடம் இல்லை. “அது குடிக்கிற இடத்து ஆட்டம்தானே” என்ற தயக்கமும் பெரியவர்களிடம் இருக்கிறது. பிறந்த இடம் அதுதான், மறுக்க முடியாது. போட்டி அரங்குகளில் ரசிகர்கள் பீர் கோப்பையோடு பாடுவதையும் பார்க்கலாம். ஆனால், ஆட்டத்துக்குத் தேவைப்படுவது தெளிந்த கண்ணும் ஆடாத கையும்தான்.

கேரமும் ஒரு காலத்தில் வேலையில்லாதவர்கள் பொழுதுபோக்கும் ஆட்டம் என்றுதான் ஏச்சு வாங்கியது. சென்னை மரிய இருதயம் அதில் உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கினார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா தனிநபர், இரட்டையர், அணி என மூன்று பிரிவிலும் தங்கம் வென்றார். கேரம் இரட்டையர் ஆடியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொன்னது எதுவும் புதிதாக இருக்காது. எதிரில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்கு எந்தக் காயை விட்டுவைப்பது என்று யோசித்து அடிக்கும் பழக்கம் நம் தெருக்களில் ஏற்கெனவே இருக்கிறது. டார்ட்ஸ் ஜோடி ஆட்டம் கேட்பதும் அதே பழக்கத்தைத்தான்.

வீட்டில் ஆடிப் பார்க்க

பத்தடி நீளமுள்ள இடம் போதும். இரும்பு முனை அம்பு என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருப்பது கட்டாயம். பலகையைக் கதவிலோ ஆள் நடமாடும் இடத்திலோ மாட்டாதீர்கள். எறிபவருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்குக் காந்தப் பலகையே போதும். அதில் இரு மடங்கு, மூன்று மடங்கு வளையங்கள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

501 நீளமாகத் தோன்றினால் 301-ல் தொடங்குங்கள். அப்பாவும் மகளும் ஒரு ஜோடி, அம்மாவும் மகனும் ஒரு ஜோடி. கணக்கை ஒரு சிலேட்டில் குழந்தைகளே எழுதட்டும். கழித்தல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்காமலே வந்துவிடும். ஒரே ஒரு வீட்டு விதி மட்டும் வையுங்கள்: எறிந்து முடித்ததும் “நான் எவ்வளவு எடுத்தேன்” என்று சொல்லாமல், “உனக்கு எவ்வளவு வைத்திருக்கிறேன்” என்று கூட்டாளியிடம் சொல்ல வேண்டும்.

முதல் நாள் 47-ம் 39-ம் வரும், சண்டையும் வரும். நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை போகட்டும். 32-ம் 40-ம் வரத் தொடங்கும்.